எது என் காலை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு வயது 31. சோழிங்கநல்லூரில் அமெரிக்க ஷிஃப்டில் வேலை. மாலை ஆறரைக்கு லாகின், அதிகாலை மூன்றரைக்கு லாகவுட். மாலை ஐந்து மணிக்கே கேப் வந்துவிடும். திரும்பத் தாம்பரம் வந்து சேர நாலரை ஆகும். வேலையில் சேர்ந்தபோது 69 கிலோ இருந்தேன். மூன்று வருடத்தில் 81. உயரம் 170 செ.மீ. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எழுந்து சோற்றைச் சூடு செய்து போடுவார். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஐந்தரைக்குப் படுப்பேன். பத்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. அப்புறம் இரவு பத்தரைக்கு கேன்டீனில்தான். இரண்டு மணிக்கு மறுபடி பசிக்கும். பஃப்ஸ், முட்டை நூடுல்ஸ், சில நாள் வெளியிலிருந்து பரோட்டா. நடுவில் ஐந்து டீ. இரவுச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தேன், நான்கு நாள் கூடத் தாங்கவில்லை.

யாரைக் கேட்டாலும் காலையில் அரசனைப் போல் சாப்பிடு, இரவில் ஆண்டியைப் போல் சாப்பிடு என்கிறார்கள். எனக்கு எது காலை, எது இரவு? ஜிம்மில் சேரலாமா? அதிகாலை ஐந்து மணிக்கே திறக்கும் ஒன்று வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நான் மருத்துவன் அல்ல. பத்திரிகையின் இரவு டெஸ்க்கில் நீண்ட காலம் இருந்தவன், இந்த விஷயத்தைத் தேடிப் படிப்பவன், அவ்வளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எது காலை என்ற கேள்விக்கு உங்கள் உடம்பு ஒரு பதிலையும் ஷிஃப்ட் அட்டவணை இன்னொரு பதிலையும் சொல்கின்றன. உடம்பு ஷிஃப்டுக்குப் பழகிவிடும் என்று சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் முழுதாகப் பழகுவதில்லை, ஏனென்றால் வெளியே சூரியன் அதன் நேரத்துக்குத்தான் உதிக்கிறது. போதாததற்கு வீக் ஆஃப் இரண்டு நாளும் நீங்கள் பகல் மனிதராக மாறிவிடுகிறீர்கள். மூளையில் ஒரு கடிகாரம் உண்டு, அதை வெளிச்சம் திருத்துகிறது. கல்லீரலிலும் கணையத்திலும் கூடக் கடிகாரங்கள் உண்டு, அவை சாப்பாட்டு நேரத்துக்கும் மசிகின்றன. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017-ல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. நடுராத்திரியில் இன்சுலின் பகலைப் போல வேலை செய்வதில்லை. மதியம் சாப்பிடும் அதே நான்கு இட்லியை இரவு இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும், கூடுதல் நேரம் இறங்காமல் நிற்கும்.

2021-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 19 பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து, இரவு வேலை போன்ற ஒரு நடைமுறைக்கு மாற்றினார்கள். ஒரு பகுதியினருக்கு இரவிலும் சாப்பாடு, மற்றவர்களுக்குப் பகலில் மட்டும். இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்த சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி ஏறவில்லை. சின்ன ஆய்வு, ஆரோக்கியமான இளைஞர்கள், ஆய்வக வாழ்க்கை. அதையே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அது காட்டும் திசை சரி என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் பெரிய சாப்பாடு கேப் வருவதற்கு முன்னால், மாலை நாலரைக்கு இருக்கட்டும். டிபன் இல்லை, சாப்பாடு. சோறு, குழம்பு, இரண்டு கை அளவு காய், முட்டையோ மீனோ பருப்போ. இப்போது நீங்கள் மதியம் ஒரு மணியிலிருந்து இரவு பத்தரை வரை காலி வயிற்றோடு இருக்கிறீர்கள். அந்தப் பசியோடு கேன்டீன் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் யாரும் அளவோடு சாப்பிட முடியாது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தியபோது நான்கு நாள் தாங்காததும் இதனால்தான். உங்கள் மன உறுதியைக் குறை சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. நாலரைக்கு வயிறு நிறைந்திருந்தால் பத்து மணிக்குச் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ ஒரு டம்ளர் மோரோ போதும். நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்.

அந்த இரண்டு மணிப் பசி? அதில் பாதி தூக்கம் என்று சந்தேகப்படுகிறேன். ஐந்தரைக்குப் படுத்துப் பத்துக்கு எழுந்தால் நாலரை மணி நேரம். சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டே இரவு, நாலு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2004-ல் வந்தது. வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்பும் க்ரெலின் 28 சதவீதம் கூடியது. அவர்களுக்குக் கூடுதலாக ஆசை வந்தது இனிப்பு, உப்பு, மாவு வகைகள் மேல். உங்கள் பஃப்ஸும் பரோட்டாவும்தான். நீங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் கை வைக்கச் சொல்வது தூக்கத்தில். ஜன்னலுக்குக் கனமான திரை, போன் சைலண்டில், கூரியர்காரரும் கேஸ் சிலிண்டர்காரரும் வந்தால் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அறை இருட்டாக இருக்க வேண்டும். நீங்கள் விடிவதற்கு முன்பே வீடு திரும்பிவிடுவது அதிர்ஷ்டம். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடித்து வெயில் முகத்தில் அடிக்க வீடு திரும்புபவர்கள் பாடு இதைவிட மோசம்.

பன்னிரண்டுக்கு எழுந்து பல் தேய்த்து நீங்கள் சாப்பிடுவதுதான் உங்கள் காலை உணவு. அரசனைப் பற்றிச் சொல்பவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

டீக்கு வருவோம். டீ ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஐந்து டீயில் 50 கிராம், அதாவது 200 கலோரி, பால் தனி. இதைவிடத் தொல்லை கஃபீன். குடித்ததில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குக் குடித்த டீ எட்டு மணிக்குப் பாதி மிச்சமிருக்கும்போது பத்து மணிக்கு ஏன் விழிப்பு வருகிறது என்று யோசிப்பானேன். கடைசி டீ பதினொன்றரைக்குள் முடியட்டும். எங்கள் டெஸ்க்கில் பக்கங்கள் அச்சுக்குப் போகும் வரை டீ வந்துகொண்டே இருக்கும். ருசிக்காக யாரும் குடித்ததாக நினைவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க அது ஒரு சாக்கு. சாக்கு இல்லாமலேயே எழுந்து படியிறங்கி ஒரு சுற்று வாருங்கள்.

அம்மா விஷயம் நுட்பமானது. நாலரை மணிக்கு எழுந்து சோறு சூடு செய்கிறவரிடம் எனக்கு வேண்டாம் என்று சொன்னால் அவர் காதில் வேறு மாதிரி விழும். சாப்பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். அதே குழம்பு, மாலை நாலரைக்கு. அவரும் கூட உட்கார்ந்து சாப்பிடலாம், பாவம், விடியற்காலைத் தூக்கமும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். வந்ததும் பசித்தால் ஒரு வாழைப்பழமோ அரை டம்ளர் பாலோ எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு எரியப் படுப்பதும் தூக்கத்தைக் கெடுக்கும்.

வீக் ஆஃபில் இரவு பத்துக்கே படுத்துவிடாதீர்கள். இரண்டு, மூன்று மணி வரை விழித்திருந்தால் திங்கட்கிழமை அவ்வளவு வலிக்காது. நவம்பரில் அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், உங்கள் லாகின் ஏழரை ஆகிவிடும். அப்போது சாப்பாட்டையும் தூக்கத்தையும் சேர்த்து ஒரு மணி தள்ளிக்கொள்ளுங்கள். பலர் ஷிஃப்டை மட்டும் தள்ளிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

தினமும் எடை பார்க்க வேண்டாம். உப்பான சாப்பாட்டுக்கு மறுநாள் உடம்பில் நிற்கும் தண்ணீரே முள்ளை ஏற்றிக் காட்டி உங்களைக் கலங்கடிக்கும். மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு 81 கிலோ என்பது பி.எம்.ஐ. 28, நமக்கு வைத்திருக்கும் வரம்பு 23. அப்பாவுக்கும் சர்க்கரை இருப்பதால் இந்த மாதமே பரிசோதனை செய்துவிடுங்கள். அதிகாலை நாலரைக்குச் சாப்பிட்டுவிட்டு காலை ஏழு மணிக்கு லேபுக்குப் போனால் அது வெறும் வயிற்றுப் பரிசோதனை ஆகாது, எட்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-க்கு அந்தத் தொல்லை இல்லை, எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். 5.7-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் உங்கள் ஷிஃப்ட் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை நாம் சொல்லாவிட்டால் அவர்கள் கேட்பதில்லை.

எல்லாவற்றையும் உங்கள் தலையிலேயே கட்டுவதும் நியாயமில்லை. நள்ளிரவு கேன்டீனில் நூடுல்ஸும் பஃப்ஸும் மட்டும் இருந்தால் மனிதன் எதைச் சாப்பிடுவான்? இரவுப் பணியாளர்கள் கேட்டால் இலவச உடல்நலப் பரிசோதனை தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1990-லேயே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. உடன்படிக்கை இல்லாவிட்டால் என்ன, சுண்டலும் மோரும் அவித்த முட்டையும் வையுங்கள் என்று நான்கைந்து பேர் சேர்ந்து எச்.ஆருக்கு ஒரு மெயில் போடலாம். அவர்களுக்கு அதில் செலவு குறைவுதான்.

ஜிம்முக்கு அதிகாலை ஐந்து மணிக்குப் போகாதீர்கள், அது உங்கள் தூக்க நேரம். மதியம் இரண்டரை, மூன்று மணிக்குத் திறந்திருக்குமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் போதும். சேர்வதானால் சலுகை என்று சொல்லி ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்பார்கள், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

அன்புடன்.