தொங்கோலும் ஐஸ் பெட்டியும்

வணக்கம் அண்ணே,

பிடோக் ஜெட்டியில் ராத்திரி தூண்டில் போடுவதைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம், ஈசூன் என்று மட்டும் போடுங்கள்.

எனக்கு ஒரே மகன், 15 வயது, உயர்நிலை மூன்று. ஜூன் விடுமுறையில் வேலையிடத்து நண்பர்கள் நாலு பேரோடு அவனையும் கூட்டிக்கொண்டு மலேசியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ரொம்பினுக்குப் போனேன். நடுராத்திரி வேனில் கிளம்பி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி தாண்டி, விடிந்த கொஞ்ச நேரத்தில் படகில் இருந்தோம். டூனா பிடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. யூடியூப் பார்த்துப் பார்த்து முடிச்சு போடுவது முதல் எல்லாவற்றையும் அவனே கற்றுக்கொண்டான். ஒன்பது மணி வாக்கில் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் விழுவதைத் தேக்கோங் (படகோட்டி) காட்டினார், படகை அந்தப் பக்கம் விட்டார், மகனின் இரண்டாவது வீச்சிலேயே மீன் எடுத்துவிட்டது. பத்துப் பதினைந்து நிமிடம் போராடினான். முழங்கால் நடுங்க ஆரம்பித்தது, முகம் வெளுத்துவிட்டது. நண்பர்கள் "விட்டுடப் போறான், வாங்கு வாங்கு" என்று கத்தினார்கள். நான் தூண்டில் ராட்டை வாங்கினேன். உண்மையைச் சொன்னால், பிடுங்கினேன். தேக்கோங் "பியார்லா, பியார் டியா" என்றார், அவனையே விடு என்று. காதில் விழுந்தது, ஆனாலும் நான் கொடுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் மீன் மேலே வந்துவிட்டது. நாலு கிலோ இருக்கும். எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுக்க மீனை அவன் கையில் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டான். மீன் பக்கத்திலேயே குந்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வரும் வழியெல்லாம் காதில் இயர்போன். இரண்டு வாரமாகிறது, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில்.

இன்னொன்று. அன்று ராத்திரியே அந்த மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். அரை மணி நேரத்தில் எனக்கும் அவனுக்கும் முகம், கழுத்தெல்லாம் சிவந்து, அரிப்பு, தலைவலி. மறுநாள் சரியாகிவிட்டது. மனைவிக்கு அன்று விரதம், அவர் சாப்பிடவில்லை. பிள்ளைக்கு அலர்ஜி, இனி வீட்டில் மீனும் வேண்டாம், கடலும் வேண்டாம் என்கிறார். போதாததற்கு நண்பர் ஒருவர் அது டூனாவே இல்லை, வெறும் தொங்கோல் என்கிறார். படம் இணைத்திருக்கிறேன். நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா அண்ணே?

ஈசூனிலிருந்து ஒரு தகப்பன்

*

அன்புள்ள ஈசூன்காரருக்கு,

தப்புதான். சுற்றி வளைத்துச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தலாம், ஆனால் நீங்களே "பிடுங்கினேன்" என்று எழுதிவிட்டீர்கள், அதற்கு மேல் நான் எதை மூடி மறைக்க. அதே படகில் இன்னொரு தப்பும் நடந்திருக்கிறது, அது உங்கள் கண்ணில் படவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் ராட்.

விளையாட்டுக்கு மீன் பிடிப்பவர்களுக்கு 1939இலிருந்து ஓர் உலகச் சங்கம் இருக்கிறது, இன்டர்நேஷனல் கேம் ஃபிஷ் அசோசியேஷன் என்று. உலக சாதனை மீன்களைப் பதிவு செய்வது அவர்கள்தான். அவர்களுடைய விதிகளில் ஒன்று, மீன் மாட்டியதிலிருந்து படகுக்கு வரும்வரை தூண்டில்காரரைத் தவிர வேறு யாராவது ராட்டையோ ரீலையோ தூண்டில் நரம்பையோ தொட்டால் அந்த மீன் கணக்கில் சேராது. கடைசி நேரத்தில் கொக்கிக்கு முன்னால் இருக்கும் தடித்த நரம்பைப் பிடித்துக் கொடுக்கலாம், கொக்கிக் கம்பு போட்டுத் தூக்கித் தரலாம், அவ்வளவுதான். யூடியூப் பார்த்து முடிச்சு கற்ற பையனுக்கு இது தெரியாமல் இருக்காது. நீங்கள் கைவைத்த நிமிடமே அவன் கணக்கில் அந்த மீன் போய்விட்டது. நண்பர்கள் கைதட்டியபோது அது அவனுடைய மீனும் இல்லை, உங்களுடைய மீனும் இல்லை.

ஐந்து நிமிடத்தில் ஏற்றினேன் என்கிறீர்களே, அதில் பாதிக்கு மேல் அவன் கணக்கு. இந்தச் சாதி மீன் முதலில் நேராக ஓடும், ரீலிலிருந்து நரம்பு அலறிக்கொண்டு போகும், அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஓடி முடித்ததும் படகுக்கு அடியில் வந்து வட்டம் போட ஆரம்பிக்கும். வட்டத்தில் அது தலையை உங்கள் பக்கம் திருப்பும்போது இரண்டு சுற்று நரம்பு கிடைக்கும், வாலைக் காட்டும்போது ஒன்றரைச் சுற்றை அதுவே திரும்ப வாங்கிக்கொள்ளும். புதிதாகப் பிடிப்பவருக்கு இதுதான் உயிர் போகிற கட்டம், எவ்வளவு சுற்றினாலும் மீன் அதே இடத்தில் இருப்பதுபோலத் தோன்றும். உங்கள் மகன் அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஓட்டத்தையும் முடித்து வட்டங்களையும் பெரும்பாலும் முடித்து, மீனைக் களைக்கவைத்துக் கொடுத்திருக்கிறான். முழங்கால் நடுங்கியது பலவீனத்தால் இல்லை, முதல் பெரிய மீனுக்கு எல்லோருக்கும் நடுங்கும், எனக்கு முப்பத்தெட்டு வயதில் நடுங்கியது. தேக்கோங் "பியார் டியா" என்றது அவர் தினமும் பார்க்கிற காட்சி என்பதால்தான்.

இதையெல்லாம் நான் யோக்கியன் மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் மகளுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது இதே ரொம்பின் கடலில் அவளுடைய ராட்டில் ஒன்று மாட்டியது. நான் ராட்டைத் தொடவில்லை, அதில் எனக்குப் பெருமை வேறு. ஆனால் நரம்பு நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை, பின்னாலிருந்து கையை நீட்டி ரீலின் முன்பக்கத் திருகை, டிராக் என்பார்களே, அதை இரண்டு விரலால் கால் சுற்று இறுக்கினேன். டிங் என்று சின்னதாக ஒரு சத்தம். நரம்பு அறுந்து ராட் நிமிர்ந்துகொண்டது. அவள் கடலைப் பார்க்கவில்லை, திருகின்மேல் இன்னும் இருந்த என் இரண்டு விரலைத்தான் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. அடுத்த வருடம் தோழியின் அப்பாவோடு போனாள், எனக்குச் செய்தி பக்கத்து புளோக்குக்காரர் மூலமாக வந்தது. இப்போது வேலைக்குப் போகிறாள், நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம், ஆனால் அவள் கணினியில் எதையாவது செய்துகொண்டிருக்கும்போது நான் எட்டித் தொடப்போனால் "டிராக், அப்பா, டிராக்" என்பாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது.

சரி, இரண்டாவது தப்பு. நீங்கள் அனுப்பிய படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீன் உங்கள் கையில். பின்னால் ஐஸ் பெட்டி திறந்து கிடக்கிறது, உள்ளே ஹண்ட்ரட் பிளஸ் டின்கள் நிமிர்ந்து நிற்கின்றன, மீன் ஒன்றுகூட இல்லை. நிழல் காலடியிலேயே விழுந்திருப்பதைப் பார்த்தால் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அப்படியானால் ஒன்பது மணிக்கு ஏறிய மீன் குறைந்தது இரண்டு மணி நேரம் பலகையில் கிடந்து, ஆளாளுக்குப் படம் எடுத்து, அப்புறம் எப்போதோ ஐஸைப் பார்த்திருக்கிறது. சரிதானே?

சூரை (டூனா) வகை மீன்கள் மற்ற மீன்களைப் போல இல்லை. தசையில் உண்டாகிற சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் ரத்தக்குழாய் வலை ஒன்று அவற்றுக்கு உண்டு, அதனால் உடம்பு சுற்றியிருக்கும் தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். நின்றால் மூச்சும் கிடைக்காது, வாயைத் திறந்துகொண்டு நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். அப்படிப்பட்ட மீன் கால் மணி நேரம் போராடிவிட்டு வந்தால் சதை கொதித்துக்கொண்டிருக்கும். பிடித்ததும் ரத்தத்தை வடித்து, கடல்தண்ணீரும் ஐஸும் கலந்த கூழில் முழுசாக முக்கிவிட வேண்டும். வெறும் ஐஸ்கட்டியின்மேல் வைத்தால்கூடப் போதாது, ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் வேகும்.

செய்யாவிட்டால் என்ன? இந்த மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மீன் பார்க்க நன்றாகவே இருக்கும், நாற்றமும் வராமல் இருக்கலாம். குழம்பில் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும், சிலருக்கு நாக்கில் மிளகு கடித்ததுபோல இருக்கும். அலர்ஜி மாதிரியே இருக்கும், ஏனென்றால் அலர்ஜியில் உடம்பு தானே சுரக்கிற பொருளை இங்கே மீன் வெளியிலிருந்து கொண்டுவருகிறது. சாப்பிட்ட இரண்டு பேருக்குமே ஒரே நேரத்தில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அதுதான் இடித்தது. பிள்ளையின் உடம்பைவிட மீனைத்தான் முதலில் சந்தேகப்படத் தோன்றுகிறது. ஆனால் நான் எழுத்தாளன், டாக்டர் இல்லை. பாலிகிளினிக்கிலோ வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ போய், இரண்டு பேருக்கும் வந்தது, மீன் வெயிலில் கிடந்தது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர் பார்த்துச் சொல்லும்வரை மீன் வேண்டாம். உங்கள் மனைவியிடம் போய் "பார்த்தாயா, அலர்ஜி இல்லையாம்" என்று வெற்றிக்கொடி நாட்ட வேண்டாம், அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பதினைந்து நிமிடமும் உங்கள் கைக்கு வேலை இருந்தது. பெட்டியிலிருந்து டின்களை வெளியே எடுத்துப் போட்டு, ஒரு வாளி கடல்தண்ணீர் மொண்டு ஐஸில் ஊற்றி, கத்தியை எடுத்து வைத்து, பையன் வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்திருக்கலாம். மீன் ஏறியதும் அவன் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு நேராகப் பெட்டியில் இறக்கியிருப்பான். ராட் அவனுடையது, ஐஸ் பெட்டி உங்களுடையது. நடந்தது தலைகீழ். மீன் அறுத்துக்கொண்டு போயிருந்தால்? போயிருக்கும். அது அவன் தவறவிட்ட மீனாக இருந்திருக்கும், ஊர்முழுக்க ஐந்து கிலோ, எட்டு கிலோ என்று வளர்த்துச் சொல்லியிருப்பான். தவறவிட்ட மீனின் எடையைக் கேட்பதற்கு யாருக்கும் தராசு கிடையாது.

டூனாவா இல்லையா என்பதற்கு வருகிறேன், உங்கள் நண்பரின் "வெறும்" என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நாம் போகிற ரொம்பின், தியோமான் கடலெல்லாம் ஆழம் குறைந்த திட்டு, நூறு மீட்டர்கூட இருக்காது. சாப்பாட்டுக்கடைகளில் சஷிமியாக வரும் பெரிய மஞ்சள்துடுப்புச் சூரைக்கு ஆழ்கடல் வேண்டும், அது மாலத்தீவு, லட்சத்தீவு, கன்னியாகுமரிக்கு வெளியே உள்ள கடல். இங்கே நமக்குக் கிடைப்பது முக்கியமாக இரண்டு. ஒன்று, மலாய்க்காரர்கள் ஆயா ஹித்தாம் என்று சொல்லும் நீளவால் சூரை. மஞ்சள்துடுப்பின் அதே பேரினம்தான் அதுவும். அதன் அறிவியல் பெயர் துன்னஸ் டொங்கோல். 1851இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த பிளீக்கர் என்ற டச்சு ராணுவ டாக்டர் அதை விவரித்தபோது நம் ஊர்ப் பெயரையே எடுத்து வைத்துவிட்டார். "வெறும் தொங்கோல்" என்கிற நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். இன்னொன்று கடையில் தொங்கோல் என்று நாம் கேட்டு வாங்குவது, முதுகின் பின்பாதியில் கோணல்மாணலான கோடுகளும் மார்புத்துடுப்புக்குக் கீழே மை தொட்டு வைத்ததுபோலச் சில கரும்புள்ளிகளும் இருக்கும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் அதற்கும் சூரை என்றுதான் பெயர். அது வேறு பேரினம், ஆனால் அதே சூரைக் குடும்பக்கிளை, அதற்கும் அந்தச் சூட்டு வலை உண்டு. உங்கள் படத்தில் முதுகுக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன, ஆகவே இரண்டாவது வகை. டூனா என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். கோழிப் படம் போட்ட டின்னில் டூனாவையும் மத்தியையும் காலங்காலமாக வாங்கித் தின்கிற ஊர் இது, பெயர் விஷயத்தில் நாம் ரொம்பக் கறார் காட்டக்கூடாது.

அடுத்து எப்போது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நவம்பரில் பள்ளி விட்டதும் போகலாம் என்று நினைத்தால் முடியாது, வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடும், அந்தக் கரையில் மார்ச் வரைக்கும் கடல் படகை விடாது. அடுத்த வருடம் அவன் உயர்நிலை நான்கு, தேர்வு, துணைப்பாடம் என்று உங்கள் வீட்டிலேயே ஒரு பருவக்காற்று அடிக்கும். மிச்சம் இருப்பது செப்டம்பரின் ஒரு வார விடுமுறை. அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி பிடோக் ஜெட்டிக்கு வாருங்கள், நானும் அங்கேதான் இருப்பேன். அப்போலோ என்ற பல கொக்கி நரம்பைக் கட்டி செலார் என்ற சின்ன மீனை இழுக்கலாம், உங்களுக்கு முடிச்சு அவன் போட்டுத் தரட்டும். ஐஸ் நீங்கள் கொண்டுவாருங்கள்.

அவனிடம் மன்னிப்பு கேட்கலாமா என்றால் கேளுங்கள், ஒரு வரியில் கேளுங்கள், விளக்கம் வேண்டாம், நண்பர்கள் கத்தினார்கள் என்பதும் வேண்டாம். அப்புறம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். நான் சொன்ன கரும்புள்ளிகள் மீனுக்கு மீன் எண்ணிக்கையில் மாறும். உங்கள் படத்தில் அந்த இடத்தில் உங்கள் கட்டைவிரல் இருக்கிறது, ஓரத்தில் ஒன்றே ஒன்றுதான் எட்டிப்பார்க்கிறது. மொத்தம் எத்தனை இருந்தன? அவ்வளவு நேரம் பக்கத்தில் குந்திப் பார்த்தவன் அவன்தான்.