மில்குரோமின் எண் – கடிதம்

வணக்கம் ஐயா,

கேலக்ஸிகளின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும் நிறைக்கு மீறிய வேகத்தில் சுற்றுகிறது, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் ஈர்ப்பே காரணம் என்கிறார்கள். அதன் துகளைத் தேடிச் சுரங்கங்களுக்குள் கருவிகளை வைத்துப் பல வருடங்களாகக் காத்திருக்கிறார்கள். ஒன்றும் சிக்கவில்லை. ஈர்ப்பு விதியைத் திருத்தினாலே போதும் என்று மோண்ட் கொள்கை சொல்வதாகப் படித்தேன். அதை ஏன் ஏற்க மறுக்கிறார்கள்?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

துகள் சிக்காதது மோண்டுக்குச் சான்றாகாது. அதைவிட வலுவான சான்று அதற்கு இருக்கிறது.

முடுக்கம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் ஈர்ப்பு நியூட்டன் கணக்கைவிடக் கூடுகிறது என்று 1983இல் இஸ்ரேலைச் சேர்ந்த மோர்டெகாய் மில்குரோம் சொன்னார். ஒரு மீட்டரை ஆயிரம் கோடிப் பங்காக்கினால் அதில் 1.2 பங்கு, விநாடிக்கு விநாடி: அதுதான் எல்லை. சூரியனைச் சுற்றும் பூமியின் முடுக்கம் இதைப்போல் சுமார் 5 கோடி மடங்கு என்பதால் இங்கே வித்தியாசம் தெரியாது.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு கேலக்ஸியின் விண்மீன்கள், வாயு இரண்டின் நிறையையும் கூட்டி, ஈர்ப்பு மாறிலியாலும் இந்த எண்ணாலும் பெருக்கி, இருமுறை வர்க்கமூலம் எடுங்கள். விளிம்பில் சுற்றும் வேகம் வந்துவிடும். 10,000 கோடி சூரியன் நிறைக்கு விநாடிக்கு 200 கி.மீ. நிறை பதினாறில் ஒரு பங்கானால் வேகம் பாதி. வாயுவை விட்டுவிட்டால் குட்டிக் கேலக்ஸிகளில் கணக்கு உதைக்கும். பலவற்றில் வாயுதான் அதிகம். கரும்பொருள் தரப்பு இந்தப் பொருத்தத்தைக் கொஞ்சம் அலட்சியமாகவே கடந்துபோகிறது என்பேன்.

வம்பு கேலக்ஸிக் கொத்துகளில். அங்கே மோண்டைப் போட்ட பிறகும் ஏறக்குறையப் பாதி நிறைக்குக் கணக்கு வரவில்லை. புல்லட் கொத்தில் இரண்டு கொத்துகள் மோதியபோது சூடான வாயு உரசிப் பின்தங்கியது, கேலக்ஸிகள் ஊடுருவிப் போய்விட்டன. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு வாயுவில்தான். ஆனால் நிறை ஒளியை வளைப்பதை வைத்து அது எங்கே இருக்கிறது என்று பார்க்கும் ஒளிவளைவு அளவீடு 2006இல் வெளியானபோது, அதில் நிறையின் உச்சி கேலக்ஸிகள் பக்கம் இருந்தது.

நியூட்ரினோ என்பது எதிலும் எளிதில் சிக்காத மிக லேசான துகள். அது ஒவ்வொன்றுக்கும் 2 எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) நிறை இருந்தால் சரியாகிவிடும் என்று மோண்ட் தரப்பில் சிலர் சொன்னார்கள். ஜெர்மனியின் காட்ரின் சோதனை டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனின் சிதைவை அளந்து, 0.8க்கு மேல் போகாது என்று 2022இலும் 0.45க்கு மேல் போகாது என்று 2025இலும் சொல்லிவிட்டது. இனி இதுவரை யாரும் பார்க்காத புது நியூட்ரினோ வேண்டும். அதற்கும் கரும்பொருள் என்றுதானே பெயர்?

ஆதிப் பிரபஞ்சத்திலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கும் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சிலும் இதே கதை. 2021இல் ஸ்கோர்டிஸும் ஸ்லோஸ்னிக்கும் எழுதிய மோண்ட் வடிவம் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் அதில் சேர்த்த புலம் ஆதிப் பிரபஞ்சத்தில் கரும்பொருளைப் போலவே நடந்துகொள்கிறது.

கொத்துகளைத் தொடாமலே சோதிக்கவும் வழியுண்டு. பூமி–சூரியன் தூரத்தைப்போல் பல ஆயிரம் மடங்கு விலகிச் சுற்றும் இரட்டை விண்மீன்களில் முடுக்கம் மில்குரோமின் எல்லையைத் தொடுகிறது. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவை வைத்தே, மோண்டின் திருத்தம் தெரிகிறது என்கிறார் சே என்ற ஆய்வாளர், பானிக் என்பவரின் குழு தெரியவில்லை என்கிறது. ஜோடியில் ஒன்றின் பக்கத்தில் மங்கலான மூன்றாவது விண்மீன் ஒளிந்திருந்தால் வேகம் கூடுதலாகத் தெரியும். அப்படிப்பட்டவற்றை எப்படிக் கழிப்பது என்பதில்தான் பெரும் சண்டை.