பாடகர் குழு பாடுகிறது, பங்கு மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கோயில் பாடகர் குழுவில் பாடி வந்தேன். இப்போது குழு இளைஞர்கள் கையில் இருக்கிறது. கீபோர்டு, டிரம் பேட், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வந்துவிட்டன. சில ஞாயிறுகளில் செல்போனில் பதிவு செய்த இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடுகிறார்கள். எங்களால் கூடப் பாட முடியவில்லை. என் கொழுந்தனார், "ஆர்மோனியமும் தபேலாவும்தான் நம் கோயிலின் அடையாளம், அதைத் தொலைத்துவிட்டார்கள்" என்று பங்குச் சாமியாரிடம் சண்டை போடுகிறார். என் மகனோ, "நம் கோயில் பாட்டில் உயிரே இல்லை" என்று சொல்லிவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். பாட்டுக்காக ஒருவன் சபை மாறினால் அவன் விசுவாசம் அவ்வளவுதானா? நான் யார் பக்கம் நிற்பது?
(பெயர் வேண்டாம், தங்கச்சிமடம் அருகே)

பதில்: அன்புச் சகோதரி, கொழுந்தனாரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் சொல்லும் காரணம்தான் நிற்காது. ஆர்மோனியம் 1842-இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற பெட்டி. இந்திய இசைக்கு ஒவ்வாத வெள்ளைக்காரச் சாமான் என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தடை செய்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலையத்துக்குள் விடவில்லை. தபேலா வடக்கேயிருந்து வந்தது. இரண்டும் நம் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்து நம்முடையவை ஆகிவிட்டன. கீபோர்டுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

கொஞ்சம் கசப்பாக இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. "பழைய பாட்டு" என்று நாம் உருகும் பூசைப் பாடல்களில் பெரும்பாலானவை உங்கள் வயதை ஒட்டியவைதாம். உங்கள் பாட்டி கண்டது லத்தீன் பூசை. உலக ஆயர்கள் உரோமையில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வழிபாட்டைப் பற்றிய சாசனத்தை வெளியிட்ட பிறகே பூசை தமிழுக்கு வந்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், 1903-இல், திருத்தந்தை பத்தாம் பயஸ் பியானோவையும் மேளத்தையும் கோயிலுக்குள் சேர்க்கக் கூடாது என்று எழுதியிருந்தார். கொழுந்தனாரின் தபேலா அன்றைக்கு வாசலைத் தாண்டியிருக்காது.

அப்படியானால் அடையாளம் எங்கே இருக்கிறது? நம் கரையையே பாருங்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் அரைகுறை. விசுவாச அறிக்கையையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பிறர் உதவியோடு தமிழாக்கி, மனப்பாடம் செய்து, பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பிற்பாடு கோவாவிலிருந்து இலங்கைக்குப் போன ஜாக்கோமே கொன்சால்வஸ் பாதிரியார் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் எழுதினார். அவர் இறந்தது 1742-இல். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தவக்காலத்தில் சனங்கள் அதை இராகம் போட்டு வாசித்துக் கேட்டு அழுதார்கள். இவை நிலைத்தது சனங்களின் வாயில். வாத்தியத்துக்கு அதில் பெரிய வேலை இருக்கவில்லை.

ஆகவே நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் கோயிலில் பாடுவது யார்? 1967 மார்ச்சில் உரோமை வெளியிட்ட திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை, கூடியிருக்கும் மக்கள் அனைவரும் தங்கள் விசுவாசத்தைப் பாட்டில் வெளிப்படுத்துவதைவிட மகிழ்ச்சியானது வழிபாட்டில் வேறில்லை என்கிறது. மக்களை முழுக்க ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் பாடகர் குழுவே பாடுவதை அது ஏற்கவில்லை. சாமியாரிடம் பேசும்போது இது கையில் இருக்கட்டும். தபேலாவைவிட இதற்குப் பலம் அதிகம்.

உங்களால் ஏன் கூடப் பாட முடியவில்லை என்பதற்கு, வயதைவிட, கட்டைதான், அதாவது சுருதியின் உயரம்தான், காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். குழுவில் முன்னால் பாடும் பெண்ணின் குரலுக்கு ஏற்பச் சுருதி வைக்கிறார்கள். பல்லவியில் எப்படியோ ஒட்டிக்கொண்டு வரும் பின்வரிசைப் பெண்கள் சரணம் மேலே ஏறும்போது நின்றுவிடுகிறார்கள். ஆண்கள் அதற்கு முன்பே வாயை மூடியிருப்பார்கள். கீபோர்டில் சுருதியை இறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு கட்டையோ ஒன்றரைக் கட்டையோ இறக்கினால் போதும். அந்தப் பெண்ணின் குரல் சற்று எடுபடாமல் போகலாம், போகட்டும். சினிமாப் பாட்டுப் போல நீளும் இடையிசையும் ஒரு தடை. எங்கே மறுபடி எடுப்பது என்று தெரியாமல் கோயிலே வாய் பார்த்து நிற்கிறது.

பதிவு செய்த இசைக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 1958-ஆம் ஆண்டு உரோமை அறிவுரையே இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் வழிபாட்டில் இசைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று விலக்கியிருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், நடப்பைப் பாருங்கள். காணிக்கை பீடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது, குரு கையைக் குவித்துக்கொண்டு காத்து நிற்கிறார், செல்போனில் இன்னும் ஒரு சரணம் பாக்கி இருக்கிறது. ஆர்மோனியக்காரர் என்றால் பீடத்தைப் பார்த்துக்கொண்டே அந்த அடியோடு முடித்திருப்பார். பாட்டு பூசையின் போக்கைப் பின்தொடர வேண்டும். அந்தக் கருவிக்குக் கண் இல்லை.

இனி உங்கள் மகன். நீங்களும் அவனும் எதிரெதிரே நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பாட விடவில்லை என்று நீங்கள் வருந்துகிறீர்கள். பாட விடும் இடத்தைத் தேடி அவன் போயிருக்கிறான். அந்தச் சபையில் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. கையைத் தட்டி, வாய்விட்டு எல்லோரும் பாடுகிறார்கள். இதில் நாம் அவர்களிடம் கற்க வேண்டியது இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதால் குடி முழுகிவிடாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கத்தோலிக்கர் அல்லர். தமிழில் கீர்த்தனை பாடும் கிறிஸ்தவர் எவரும் அவருக்குக் கடன்பட்டவரே.

பாட்டில் கரைவது விசுவாசக் குறைவும் ஆகாது, விசுவாசத்துக்கு அத்தாட்சியும் ஆகாது. புனித அகுஸ்தீனாரே தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் இதை வைத்துத் தவிக்கிறார்: பாடப்படும் பொருளைவிடக் குரல் தம்மை அதிகம் உருக்கும்போது அதைப் பாவம் என்கிறார், அந்த வேளையில் பாட்டைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்கிறார். அடுத்த மூச்சில், மனம் திரும்பிய நாட்களில் கோயில் பாட்டைக் கேட்டு அழுததை நினைத்து, பாட்டு வேண்டும் என்ற பக்கமே சாய்கிறார். அவருக்கே தீராத வழக்கை உங்கள் மகன் தலையில் ஏன் கட்டுவது?

அவனிடம் ஒன்றைக் கேளுங்கள், ஒரு முறை மட்டும், சோறு போடும் நேரத்தில் அல்லாமல்: "பாட்டு கிடைத்தது, சரி. நற்கருணை இல்லாமல் இருக்க உன்னால் முடிகிறதா?" பூசையில் கிறிஸ்துவின் உடலாக நாம் பெறும் இந்த நற்கருணைதான் இரண்டு இடங்களுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு. பதில் என்னவானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். "நம் கோயிலில் கீபோர்டு வாசிக்க வா" என்று ஆசை காட்ட வேண்டாம். இசையைத் தூண்டிலாக்கிப் பிடித்து வருபவன் அதைவிட நல்ல இசை கேட்ட இடத்துக்குப் போய்விடுவான்.

நீங்கள் செய்யக்கூடியது, குழுவின் பொறுப்பாளரான தம்பியைத் தனியே பார்த்துப் பேசுவது. 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'தூயவர்', பதிலுரைப் பாடலின் பல்லவி ஆகியவற்றை ஊரே பாடட்டும். 'இரக்கமாயிரும்', 'தூயவர்' இரண்டுக்கும் மெட்டைச் சில மாதங்களாவது மாற்ற வேண்டாம். நற்கருணைக்குப் பிந்திய பாடலில் அவர்கள் தங்கள் திறமையைக் காட்டிக்கொள்ளட்டும். புதுப் பாட்டு என்றால் பூசைக்கு முன் பல்லவியை மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பதிலுக்கு நீங்களும் ஏதாவது தர வேண்டும்: தவக்காலத்துப் பழைய இராகங்கள் உங்களுக்கும் உங்களோடு பாடிய பெண்களுக்கும் தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கற்றுக்கொடுங்கள். குறை மட்டும் சொல்லும் அக்காவிடம் எந்தப் பையனும் இரண்டாம் முறை வர மாட்டான்.

கொழுந்தனாரை ஒரு ஞாயிறு பின்வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். தூயவர் பாடும்போது எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று எண்ணட்டும். சாமியாரிடம் அந்தக் கணக்கோடு போகட்டும், தபேலாவை வீட்டிலேயே விட்டுவிட்டு.