வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகிவிடுமா?

கேள்வி: எங்கள் பூர்வகுடி நிலத்தில் சுரங்கம் வரப்போகிறது. நிறுவனம் ஒரு கூட்டம் நடத்தி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கியது. இப்போது ‘மக்கள் சம்மதித்துவிட்டார்கள்’ என்கிறது. சர்வதேசச் சட்டம் உதவுமா?

பதில்: வந்தேன் என்று போட்ட கையெழுத்து வேறு, சரி என்று போட்ட கையெழுத்து வேறு. அதோடு, மக்களைக் கலந்தாலோசிப்பது அரசின் வேலை. சராயாகு என்ற பூர்வகுடி மக்கள் ஈக்வடார் அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில், அதை எண்ணெய் நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது என்று அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வந்த சங்கதி ஒன்று: நிறுவனம் மருத்துவக் குழுவை அனுப்பியதாம். வைத்தியம் பார்க்க வந்தவர்கள் ஒரு பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்புறம் அதுவே நிறுவனத்துக்கு ஆதரவுக் கடிதமாகிவிட்டதாம்! மாத்திரை தந்தாலும் சரி, சாப்பாடு போட்டாலும் சரி, தாளின் தலைப்பை வாசிக்காமல் இனி கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே போட்டதற்கு, ஊர் கூடி, ‘தகவல் கேட்கத்தான் வந்தோம், சம்மதம் சொல்லவில்லை’ என்று தீர்மானம் எழுதி, தேதியிட்டு அரசுக்கும் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிவிடுங்கள்.

பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய 2007-ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம், சம்மதம் பெறும் நோக்கத்தோடு அரசு பேச வேண்டும் என்கிறது. நீங்கள் மறுத்தால் திட்டம் நின்றுவிடுமா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னால் கதையே வேறு. பிரகடனத்தின் 10-ஆம் பிரிவுப்படி, சுதந்திரமாக, முன்கூட்டியே, விவரம் தெரிந்து தந்த சம்மதம் இல்லாமல் இடமாற்றம் கூடாது. நியாயமான இழப்பீட்டையும் முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். முடிந்தால் திரும்பி வரும் வழியும் வேண்டும். தற்காலிகம், நிரந்தரம் என்ற பாகுபாடு அந்தப் பிரிவில் கிடையாது. ஆகவே, ‘தற்காலிக இடமாற்றம்’ என்ற வார்த்தை திட்ட அறிக்கையின் இணைப்புகளில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். அறிக்கையை உங்கள் மொழியிலேயே கேளுங்கள்.

பிரகடனம் ஒப்பந்தம் அல்ல; அரசுகளைச் சட்டப்படி கட்டிப்போடாது. பூர்வகுடிகள் பற்றிய ஒப்பந்தமான, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 169-ஆம் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளோ சுமார் இரண்டு டஜன்தான். மற்ற அரசுகள் ஐ.நா.வில் கைதூக்குவதோடு சரி.

‘ஜெனீவாவில் கேஸ் போட்டுத் தருகிறேன்’ என்று வீடுவீடாக வசூல் செய்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஐ.நா. மனித உரிமைக் குழுக்களில் புகார் தரக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் பொதுவாக உள்நாட்டு நீதிமன்றங்களை முடித்துவிட்டுத்தான் அங்கே போக முடியும். அதற்குள் மண்வாரி இயந்திரம் வந்துவிடும் என்பது அந்தக் குழுக்களுக்கும் தெரியும்! பூர்வகுடிகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுத அந்த நிபந்தனை இல்லை. ஊர்த் தீர்மானத்தின் நகலை இணைத்து இப்போதே எழுதுங்கள்.