எரிப்பதை நிறுத்தியது எந்தப் புத்தகம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பாவின் சூனியக்காரி வேட்டை பற்றிய உங்கள் குறிப்பில், யோஹான் வையர் 1563-லும் ரெஜினால்ட் ஸ்காட் 1584-லும் சூனியம் என்பதே பொய் என்று எழுதிவிட்டதாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் ஜெர்மனியின் பாம்பெர்க், வூர்ட்ஸ்பர்க் நகரங்களில் கும்பல் கும்பலாக எரித்தது 1620களின் கடைசியில். புத்தகம் வந்து அறுபது வருஷம் கழித்து! அப்படியென்றால் இவர்கள் எழுதியதால் என்ன பயன்? யாரும் படிக்கவில்லையா, படித்தும் மாறவில்லையா?

மு., திருச்சி

*

அன்புள்ள மு.,

படித்தார்கள், நன்றாகவே படித்தார்கள். வையரின் புத்தகம் அவர் உயிரோடிருக்கும்போதே பல பதிப்புகள் கண்டது. முதலில் என் குறிப்பில் ஒரு திருத்தம். "சூனியம் பொய்" என்று இருவரையும் ஒரே வரியில் அடைத்தது அவசரம். வையர் அப்படிச் சொல்லவே இல்லை.

வையர் கிளீவ்ஸ் பிரபுவின் அரண்மனை வைத்தியர். அவர் வாதம் இது: சாத்தான் இருக்கிறான், வல்லமை உள்ளவன். ஆனால் ஆலங்கட்டி மழை பெய்விக்கவோ மாட்டைக் கொல்லவோ அவனுக்கு ஒரு கிழவியின் துணை எதற்கு? அந்தக் கிழவி மனச்சோர்வு நோயாளி. அவள் மூளையில் சாத்தான் காட்டும் பொய்க்காட்சியைத் தான் செய்ததாக நம்பி ஒப்புக்கொள்கிறாள். அவளுக்கு வேண்டியது வைத்தியம். சாத்தானோடு செய்த ஒப்பந்தமும் சட்டப்படி செல்லாது.

மனிதாபிமானமான வாதம்தான். ஆனால் ஓட்டை உள்ள வாதம். சாத்தானின் பலத்தைக் கூட்டிக் கிழவியின் பலத்தைக் குறைத்தாரே தவிர, சாத்தானைத் தொடவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் ழான் போதேன் புகுந்தார். பிரெஞ்சுச் சட்ட அறிஞர், அரசியல் சிந்தனையில் இன்றும் பெரிய பெயர். 1580-ல் சூனியக்காரர்களைப் பற்றி எழுதிய நூலின் கடைசியில் வையருக்கென்றே தனி மறுப்பு ஒன்றைச் சேர்த்தார். சாத்தான் இவ்வளவும் செய்வான் என்று நீரே சொல்கிறீர், அவனோடு மனமொத்துச் சேர்ந்தவள் எப்படிக் குற்றமற்றவள் என்பது அவர் பிடி. இது சாதாரணக் குற்றமல்ல, ஆகவே சாதாரணச் சாட்சி விதிகளும் இதற்குப் பொருந்தாது என்றும் வாதித்தார். சந்தேகத்தை விதைக்க வந்த புத்தகம் எதிர்த்தரப்புக்குச் சாணை பிடித்துக் கொடுத்தது.

ஸ்காட் வேறு ரகம். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துக்காரர். சூனியத்தைப் பற்றி எழுதுமுன் பீர் காய்ச்சச் சேர்க்கும் ஹாப்ஸ் கொடிக்குத் தோட்டம் போடுவது எப்படி என்று ஒரு கையேடு எழுதியவர். அந்தக் கை இதிலும் தெரிகிறது. வீடு வீடாகப் போய்ப் பால், கஞ்சி, நொதிக்கூழ் கேட்கிறாள் ஒரு கிழவி. இல்லை என்கிறார்கள். முணுமுணுத்துச் சபித்துவிட்டுப் போகிறாள். கொஞ்ச நாளில் அந்த வீட்டுக் குழந்தைக்கு நோய், அல்லது பசு சாகிறது. வைத்தியனுக்குக் காரணம் தெரியவில்லை, பழி அவள் மேல் விழுகிறது. தான் சபித்தது பலித்ததைப் பார்த்து அவளும் தன்னைச் சூனியக்காரி என்றே நம்பத் தொடங்குகிறாள். இதற்கு மேல் விளக்க எனக்கொன்றும் தோன்றவில்லை.

செப்படி வித்தைகளையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். நெற்றியில் ஊசியைக் குத்தி ரத்தம் வரவழைக்கும் வித்தை: ஊசியின் பிடி உள்ளே பொள்ளல். நுனியை நெற்றியில் வைத்து அழுத்தினால் ஊசி பிடிக்குள் வழுக்கிப் போய்விடும். கையில் மறைத்த சிறு பஞ்சில் ரத்தமோ திராட்சை மதுவோ நனைத்திருக்கும், அதைப் பிழிந்தால் நெற்றியிலிருந்து வழிகிற மாதிரி இருக்கும். கண்கட்டு வித்தைக்கே இவ்வளவு பேர் ஏமாந்தால் ஊரார் சாட்சிக்கு என்ன மதிப்பு என்பது அவர் கேள்வி.

பதில் வந்தது அரண்மனையிலிருந்து. ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் சூனியம் பற்றி 1597-ல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையிலேயே ஸ்காட்டையும் வையரையும் பெயர் சொல்லித் தாக்கினார். அதைவிட வேடிக்கையானது பின்னால் நடந்தது. வையர் கேலிக்காக 69 பிசாசுகளின் பட்டியல் ஒன்றை 1577-ல் தம் நூலோடு சேர்த்திருந்தார். ஸ்காட் அதை ஆங்கிலமாக்கினார், மந்திரங்கள் எவ்வளவு அபத்தம் என்று காட்ட அவற்றையும் முழுசாக எடுத்துப் போட்டார். படித்தவன் சிரித்தான். மாந்திரீகம் செய்து பிழைத்தவன் அதையே பாடமாக வைத்துக்கொண்டான். ஸ்காட் இறந்தபின் வந்த 1665 பதிப்பில் யாரோ புதிதாக ஒன்பது அத்தியாயம் மந்திரம் எழுதிச் சேர்த்தே விட்டார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு. எரிப்பு நின்றது, சாத்தான் இல்லை என்று யாரோ நிரூபித்ததால் அல்ல. நீதிபதிக்கு ஒரு பெண்ணைக் குற்றவாளி என்று நிறுவுவது வரவர முடியாத காரியமானதால்தான். அதைச் செய்த எழுத்துகள் வேறு.

நான் முதலில் வைப்பது புத்தகமே அல்லாத ஒன்றை. 1610 நவம்பரில் ஸ்பெயினின் லொக்ரோன்யோவில் ஆறு பேரை உயிரோடும், ஐந்து பேரை உருவ பொம்மையாகவும் எரித்தார்கள். எரிக்கச் சொன்னது இன்குவிசிஷன் என்ற கத்தோலிக்க மத விசாரணை மன்றம். அதன் நீதிபதிகளில் இளையவர் அலோன்சோ தெ சலசார். அடுத்த வருஷம் அவரே பாஸ்க் மலைக் கிராமங்களுக்கு, ஒப்புக்கொண்டால் மன்னிப்பு என்ற ஆணையோடு புறப்பட்டார். 1,802 பேர் வந்தார்கள், அதில் 1,384 பேர் சிறுவர் சிறுமியர். சலசார் செய்தது எளிய வேலை. இரவுக் கூட்டத்துக்குப் போனதாகச் சொன்னவர்களைத் தனித்தனியே அதே இடத்துக்கு அழைத்துப் போய், எங்கே உட்கார்ந்தாய், எந்த வழியே வந்தாய் என்று கேட்டார். ஒருவர் சொன்னது மற்றவரோடு ஒட்டவில்லை. பறக்க உதவும் தைலம் என்று கொண்டுவந்த சட்டிகளை மருத்துவர்களிடம் சோதிக்கக் கொடுத்தார், விலங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் விசாரணைக்குப் பயந்து அவசரமாகக் கலக்கியவை. சாத்தானோடு கூடியதாகச் சொன்ன பெண்களை மருத்துவச்சிகள் சோதித்துக் கன்னிகள் என்றார்கள். கூட்டம் நடப்பதாகச் சொன்ன இரவில் அவருடைய எழுத்தர்களே அந்த இடத்தில் இருந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

அந்தப் பேச்சும் எழுத்தும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரியும் இல்லை, சூனியத்தால் பாதிக்கப்பட்டவரும் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். அந்த அறிக்கை அச்சேறவில்லை, பெட்டிக்குள் போனது. ஆனால் படிக்க வேண்டிய சிலர் படித்தார்கள். 1614-ல் இன்குவிசிஷனின் மாட்ரிட் மேல்மன்றம் புது விதிகள் போட்டது: பயிர் நாசம் என்றால் அந்தப் பருவத்தில் அது இயற்கையாக நடந்திருக்குமா என்று முதலில் கேள், வற்புறுத்தி வாக்குமூலம் வாங்காதே, சொத்தைப் பறிமுதல் செய்யாதே. அதன்பின் ஸ்பானிய இன்குவிசிஷன் சூனியக்காரி என்று ஆட்களை எரிப்பது ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. அப்போது ஜெர்மனியில் உச்சமே வரவில்லை.

ஜெர்மனியில் பிரெடரிக் ஷ்பே என்ற இயேசு சபைப் பாதிரியார் 1631-ல் தம் பெயர் போடாமல் லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். சூனியக்காரிகள் இருக்கிறார்களா என்பது முதல் கேள்வி. ஆம் என்கிறார்! இந்த ஒரு "ஆம்"தான் அவருக்குப் பாதுகாப்பு, போதேன் போல யாரும் நாத்திகம் என்று வாயை அடைக்க முடியாது. பிறகு நீதிமன்றத்தைக் கழற்றிப் போடுகிறார். நடத்தை சரியில்லாதவளா, அதுவே சான்று. நல்லவளா, சூனியக்காரிகள் நல்லவள் வேஷம் போடுவார்கள், அதுவும் சான்று. கைதானபோது பயந்தால் மனசாட்சி குத்துகிறது. பயப்படாவிட்டால் சாத்தான் தைரியம் கொடுக்கிறான். சித்திரவதையில் வாய் திறக்காவிட்டால் மௌன மந்திரம். செத்துப்போனால் சாத்தான் கழுத்தை முறித்துவிட்டான். காலில் இரும்புக் கிட்டி போட்டு நெரித்ததைக் கணக்கில் எடுக்காமல் "சித்திரவதையின்றித் தானே ஒப்புக்கொண்டாள்" என்று ஏட்டில் எழுதுகிறார்கள் என்பதையும் காட்டிக்கொடுக்கிறார். வலி தாங்காதவள் உடந்தை என்று நாலு பேரைச் சொல்வாள், அந்த நாலு பேர் ஆளுக்கு நாலு பேர். இப்படிப் போனால் யார் மிஞ்சுவார்கள்?

இதைப் படித்தவர்களில் ஒருவர் பின்னாளில் மைன்ஸ் பேராயரான யோஹான் பிலிப் ஃபான் ஷோன்போர்ன். தம் ஆட்சிப் பகுதியில் அவர் வழக்குகளை நிறுத்தினார். 1694-ல் ஹாலே பல்கலைக்கழகச் சட்டத்துறைக்குக் கருத்துக் கேட்டு ஒரு சூனிய வழக்குக் கட்டு வந்தது. பேராசிரியர் கிறிஸ்டியன் தோமாசியுஸ் பழைய நூல்களைப் பார்த்து மிதமான சித்திரவதை செய்யலாம் என்று எழுதினார். உடன் பேராசிரியர்கள் தள்ளிவிட்டார்கள். அவமானப்பட்ட மனிதர் மறுபடி படித்து, 1701-ல் சாத்தானோடு ஒப்பந்தம் என்ற குற்றமே கிடையாது என்று எழுதினார். 1714-ல் பிரஷ்ய மன்னர், இத்தகைய வழக்கில் சித்திரவதைக்கும் மரண தண்டனைக்கும் தம் ஒப்புதல் வேண்டும் என்று ஆணையிட்டார்.

சாத்தானையே நேராகத் தொட்டவர் ஆம்ஸ்டர்டாம் போதகர் பல்தாசர் பெக்கர். 1691-ல் தொடங்கி நாலு பாகமாக ஒரு நூல், அதுவும் டச்சு மொழியில், எல்லோரும் படிக்க. அடுத்த வருஷமே வேலை போயிற்று. நெதர்லாந்தில் எரிப்பு நின்று அதற்குள் எண்பது வருஷம் ஆகியிருந்தது. துணிச்சலில் முதல் ஆள், காரியத்தில் கடைசி ஆள்.

ஊரார் மாறினார்களா என்று கேட்டால், இங்கிலாந்தைப் பாருங்கள். 1736-ல் சூனியச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1751-ல் ட்ரிங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரூத் ஆஸ்போர்ன் என்ற கிழவியைக் கும்பலொன்று சூனியக்காரி என்று குளத்தில் இழுத்துக் கொன்றது. கும்பலை நடத்திய தாமஸ் காலியைச் சட்டம் தூக்கில் போட்டது. ஆயிரக்கணக்கானோர் கிட்டே வராமல் தூரத்தில் நின்று பார்த்தார்கள், ஒரு கெட்ட கிழவியை ஒழித்ததற்கு ஒரு மனுஷனைத் தூக்கிலிடுவதா என்று முணுமுணுத்தபடி.