ஆனந்த் தோற்ற அன்று

"ஒருவருக்கு ரசிகராக இருப்பது என்றால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் விஸ்வநாதன் ஆனந்தின் ரசிகன், அதை வைத்துச் சொல்கிறேன்.

எனக்குச் செஸ் அரைகுறைதான். பத்து வயது அக்கா பையனிடமே தோற்பேன். ஆனந்த் காயை ஏன் அங்கே நகர்த்தினார் என்பது யாராவது விளக்கினால்தான் புரியும். ராகம் தெரியாமல் கச்சேரியில் தலையாட்டுகிறவர்கள் இல்லையா, அந்த ஜாதி.

2013 நவம்பர், சென்னையில் உலகப் பட்டப் போட்டி. எதிரே 22 வயது மேக்னஸ் கார்ல்சன். எட்டு ஆட்டங்கள் முடிந்தபோது கார்ல்சன் 5, ஆனந்த் 3. ஒன்பதாவது ஆட்டத்தை ஆனந்த் ஜெயித்தே ஆகவேண்டும்.

அன்று ஆபீஸில் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு நேரலை பார்த்தேன். ஆனந்தின் ராணியும் சிப்பாய்களும் கார்ல்சனின் ராஜாவை நெருக்கிவிட்டன. யானை ஒன்று பக்கத்தில் வந்து சேர்ந்தால் மேட், ராஜாவுக்குத் தப்ப வழியே இருக்காது. அதற்குள் மறுபக்கம் கார்ல்சனின் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டு, ராணியாகிச் செக் வைத்தது. மந்திரியைக் குறுக்கே வைத்திருந்தால் ஆட்டம் நீடித்திருக்கும். ஆனந்த் குதிரையை வைத்தார். புது ராணி ஒரே ஒரு நகர்வில், யானை வரவேண்டிய கட்டத்துக்குக் காவலாகப் போய் நின்றது. ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுநாள் பட்டமும் போனது.

மாமா போன் பண்ணி, "என்ன மாப்ளே, உங்க ஆளு காலியா?" என்றார். பதிலுக்குக் கார்ல்சனைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அந்தப் பையன் என்ன தப்பு செய்தான்?

அப்புறம் அந்த ஆட்டத்தை மட்டும் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அவர் ஜெயித்த ஆட்டங்களைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. இரண்டு புள்ளி பின்தங்கிய மனிதர், சொந்த ஊரில், எல்லாக் காய்களையும் ராஜா பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறார். முடிவு தெரிந்த பிறகும் அது எனக்கு அலுக்கவில்லை. ஜெயித்தால் மட்டும் பிடிக்கும் என்றால் கோப்பைக்குத்தான் ரசிகன் என்று தோன்றியதும் அப்போதுதான்.

பெருமையாகச் சொல்லிவிட்டேன், ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. 2014 மார்ச்சில் கார்ல்சனுக்கு அடுத்த எதிராளி யார் என்று முடிவு செய்யும் போட்டி ரஷ்யாவின் காந்தி மான்சிஸ்கில் தொடங்கியது. ஆனந்த் எதற்கு மறுபடி போய் அடிவாங்க வேண்டும் என்று நினைத்து முதல் நாள் நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கே அர்மேனிய வீரர் அரோனியனை வீழ்த்தினார். 14 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காமல் முதலிடம்.

அரோனியனைத் தோற்கடித்த செய்தியை எனக்குச் சொன்னவர் மாமாதான்.