பிரீமியம் ஏறிவிட்டதா? பாலிசியை விடும் முன் இதைப் படியுங்கள்

இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் க்ளெய்ம் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு தண்டையார்பேட்டை. நம் வடசென்னைப் பெரியவர்கள் மருத்துவ இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி (வண்ணாரப்பேட்டை, வயது 66): போன வருடம் கண்புரை ஆபரேஷனுக்கு க்ளெய்ம் வாங்கினேன். இந்த வருடம் பிரீமியத்தை ஏற்றிவிட்டார்கள். அதனால்தானா சார்?

இல்லை ஐயா. நீங்கள் க்ளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்கும்போது உங்களுக்கு மட்டும் ஏற்ற விதியில் இடமில்லை. பல திட்டங்களில் 65 தாண்டினால் அடுத்த வயதுப் படி, அதற்கு விலை கூடுதல். ஆஸ்பத்திரிச் செலவு ஏறுவதால் திட்டத்தின் விலையையே மாற்றுவதும் உண்டு. அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்களுக்கு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. எதற்காக எவ்வளவு ஏறியது என்று எழுத்தில் கேளுங்கள். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): அப்பாவின் 10 லட்சம் பாலிசிக்குக் கட்ட முடியவில்லை. 5 லட்சமாகக் குறைத்துவிட்டு டாப்-அப் போடலாமா அண்ணே?

போடலாம் தம்பி, ஆனால் சூப்பர் டாப்-அப் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே வருடத்தில் 3 லட்சம், 4 லட்சம் என்று இரண்டு பில் வருகிறது, டாப்-அப் பாலிசியின் டிடக்டபிள், அதாவது எந்தத் தொகைக்கு மேல் அது பணம் தரும் என்ற எல்லை, 5 லட்சம் என்று வையுங்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும், எதுவுமே 5 லட்சத்தைத் தாண்டவில்லை, ஒரு பைசா வராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 7 லட்சம் என்று எடுத்து, மேலே உள்ள 2 லட்சத்தைத் தரும்.

அவசரப்பட்டுப் பழையதைக் குறைக்காதீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இருந்தால் புதிய பாலிசியில் அவற்றுக்கு 3 வருடம் வரை காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்களுக்குப் பணம் தராத காலம், இருக்கலாம். விண்ணப்பத்தையே மறுக்கவும் செய்வார்கள். புதியது கைக்கு வந்து, அந்தக் காலமும் முடிந்த பிறகு குறைப்பதுதான் நல்லது. இருக்கிற நோயை மறைத்து மட்டும் வாங்காதீர்கள். டிஸ்சார்ஜ் நேரத்தில் க்ளெய்ம் இல்லை என்று கேட்ட குடும்பங்களின் முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (வியாசர்பாடி): பாலிசியில் ரூம் வாடகை வரம்பு நாளுக்கு 3,000. நாங்கள் 6,000 ரூபாய் ரூமில் இருந்தோம். பாதிப் பணம்தான் வந்தது.

அதிக வாடகை ரூம் எடுத்தால் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் அதே விகிதத்தில் வெட்டப்படும். ஆனால் மருந்து, பொருத்திய கருவி, பரிசோதனை ஆகியவற்றில் அப்படி வெட்டக் கூடாது. வெட்டியிருந்தால் நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது இந்தப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி, இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

கேள்வி (காசிமேடு): அம்மாவுக்கு 71. பிரீமியம் கட்ட வழியே இல்லை.

குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுங்கள் அம்மா. ஆண்டுக்கு 5 லட்சம் வரை, வயது வரம்பு கிடையாது. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலும் இந்த அட்டை செல்லும். உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

கேள்வி (கொடுங்கையூர், வயது 70): வருடப் பிரீமியம் கட்ட வேண்டிய தேதி போய் 12 நாள் ஆகிவிட்டது. பாலிசி போய்விட்டதா?

போகவில்லை ஐயா. வருடப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு, பழைய காத்திருப்புக் கணக்கும் அப்படியே தொடரும். ஆனால் கட்டாமல் இருக்கும் இந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் கிடைக்காது. இன்றைக்கே கட்டி ரசீதை வாங்கிவிடுங்கள்.